குருதியும் உழைப்பும்: என்பு மச்சை மாற்றீட்டில் ஒட்டெதிர்ப்புத் தடுப்பு வளர்ந்த வரலாறு

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் தனிமனிதர் சிலரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அரசியல் வரலாற்றை மன்னர் வரலாறாகவும் இலக்கிய வரலாற்றைப் புலவர் வரலாறாகவும் எழுதிய மனப்பாங்கே இத்துறையிலும் தொழிற்பட்டுள்ளது எனலாம். இலக்கியத்தைப் பொறுத்தவரை இம்மனப்பாங்கு ஓரளவு கேள்விக்குள்ளாக்கப்பட்டு விட்டது. ஒரு நூலை ஆராய்வோர் அது எவருக்காக, எவ்வுற்பத்தி உறவுகளின் மத்தியில், எவருடைய உழைப்பைத் தளமாகக் கொண்டு தோன்றியது என வினவப் பழகியுள்ளனர். அதே வினாக்களை ஒரு மருந்தைப் பற்றியும் எழுப்பலாம். வெண்குருதிப் புற்றுநோய்க்கு, அதாவது லியூக்கேமியாவுக்கு, என்பு மச்சை மாற்றீடு செய்தபின் தோன்றும் நிர்ப்பீடனச் சிக்கலைத் தடுக்கும் முறைகளின் வரலாற்றை இந்நோக்கில் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெமோதரையிலிருந்து எழுதும் ஒருவருக்கு இப்பொருள் அந்நியமானதாகத் தோன்றலாம். ஆயின், பதுளைப் புகையிரதப் பாதையில் பயணஞ் செய்தோர் ஒன்றை அறிவர். தெமோதரை நிலையத்தை விட்டுப் புறப்படும் வண்டி, குன்றொன்றைச் சுற்றி இறங்கி, தான் சற்றுமுன் நின்ற நிலையத்தின் நேர்கீழே அமைந்த சுரங்கத்தினூடாகச் செல்கின்றது. இம்மருந்தின் வரலாறும் அத்தகையதே. உழைக்கும் பெண்களின் குருதியில் தொடங்கிய பாதை, பல நாடுகளைச் சுற்றி, தொடங்கிய இடத்துக்கு நேர்கீழே மீண்டும் வருவதைக் காணலாம்.

1

முதற்கண் நோயின் தன்மையைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் அவசியமாகும். உடலின் குருதிக் கலங்கள் யாவும் என்பு மச்சையிலுள்ள மூலக்கலங்களிலிருந்து உண்டாகின்றன. லியூக்கேமியாவில் இவ்வுற்பத்தி நிலைகுலைந்து, முதிராத வெண்கலங்கள் கட்டுக்கடங்காது பெருகுகின்றன. வலிய மருந்துகளாலோ கதிர்வீச்சாலோ நோயுற்ற மச்சையை அழித்து, வேறொருவரின் ஆரோக்கியமான மூலக்கலங்களைக் குருதிவழியே செலுத்துவதே மாற்றீட்டின் சாரம்.

சிறுநீரகம் முதலிய உறுப்பு மாற்றீடுகளில் பிரதான ஆபத்து ஏற்பவரின் உடல் புதிய உறுப்பை நிராகரிப்பதாகும். மச்சை மாற்றீட்டில் எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. வழங்கியவரின் மச்சையோடு அவருடைய நிணநீர்க் கலங்களும் வருகின்றன. அவை தாம் குடிபுகுந்த உடலையே அந்நியமெனக் கருதித் தாக்குகின்றன. தோல், குடல், ஈரல் ஆகியன முதலில் பாதிக்கப்படும். நாட்பட்ட வடிவில் தோல் இறுகுதல், கண்ணும் வாயும் வறளுதல், நுரையீரல் பழுதுறுதல் என்பன நிகழும். ஒட்டப்பட்டது ஒட்டியதையே எதிர்க்கும் இந்நிலையை இக்கட்டுரையில் ‘ஒட்டெதிர்ப்பு நோய்’ என வழங்குவோம்.

1956இல் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுகூடத்தில் பார்ன்ஸ், லூடிட் முதலியோர் லியூக்கேமியா கண்ட எலிகளுக்குக் கதிர்வீச்சளித்து வேறு எலிகளின் மச்சையைச் செலுத்தினர். புற்று அடங்கியது; ஆயின் எலிகள் மெலிந்து மடிந்தன. 1957இல் அமெரிக்காவில் டொனல் தோமஸ் மனிதரில் மச்சை செலுத்திய முதல் முயற்சிகளை வெளியிட்டார். அதற்கடுத்த ஆண்டுகளின் அனுபவம் துயரமானது. 1960களின் இறுதிவரை உலகெங்கும் செய்யப்பட்ட ஏறக்குறைய 200 மாற்றீடுகளை 1970இல் தொகுத்து நோக்கியபோது, நோயாளரிற் பெரும்பாலோர் இறந்திருந்தமை புலனாயிற்று. பலர் இத்துறையையே கைவிட்டனர். நோயை அழிக்கும் வழி கிட்டியிருந்தும், அவ்வழி கொணர்ந்த அழிவைத் தடுக்கும் வழி கிட்டாமையே இத்தேக்கத்தின் முக்கிய காரணங்களுள் ஒன்றாகும்.

2

இத்தேக்கத்தை உடைத்தவற்றுள் ஒன்று மெதோட்ரெக்சேட் என்னும் மருந்து. இதன் பூர்வீகத்தை அறிய நாம் 1928ஆம் ஆண்டின் பம்பாய்க்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பரேல் பகுதியிலுள்ள ஹாஃப்கின் நிறுவனத்திற் பணிபுரிய வந்தார். பேறுகாலத்தில் ஏற்படும் கடுமையான குருதிச்சோகையை ஆராய்வது அவருடைய பணி. பரேல், பம்பாய் நூலாலைகளின் மையம். ஆலைத் தொழிலாளரும் ஏழைகளுமான பெண்களிடத்தே இச்சோகை மிகுந்தும், நல்லுணவு கிட்டிய வர்க்கத்தினரிடத்தே அருகியும் காணப்பட்டது. எனவே, நோயின் காரணத்தை உணவிலே தேடத் தலைப்பட்டார். 1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என மக்கள் வழங்கிய பெண்கள் வைத்தியசாலையிலும் அவர் தம் ஆய்வைத் தொடர்ந்தார். மதுவடிசாலைகளில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து தயாராகும் மார்மைட் இச்சோகையைத் தீர்ப்பதை அவர் கண்டறிந்து 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த, அந்நாளில் பெயரறியப்படாத பொருள் ‘வில்ஸ் காரணி’ எனப்பட்டது.

இவ்விடத்தில் இலங்கையின் முற்போக்கு வரலாறும் இக்கதையைத் தொட்டுச் செல்கின்றது. 1934–35இல் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் இந்நாட்டில் 80,000 பேருக்கு மேற்பட்டோரைக் காவுகொண்டது. சூரியமல் இயக்கத்தினர் கிராமங்களுக்குச் சென்று நிவாரணப் பணியாற்றியபோது, பட்டினியால் நலிந்தோருக்கு அவர்கள் வழங்கியவற்றுள் மார்மைட்டும் ஒன்று. மலேரியாவைவிடப் பசியே பலரைக் கொன்றதென்ற அனுபவத்தின் மத்தியிலேதான், 1935 டிசம்பரில், லங்கா சமசமாஜக் கட்சி உதயமாயிற்று. இன்று எம் வீடுகளிற் பாணுக்குப் பூசும் அக்கறுப்புப் பசைக்கு இத்தகையதொரு வரலாறு உண்டு என்பது மனங்கொளத்தக்கது.

1941இல் அமெரிக்காவில் பசளிக்கீரை போன்றதொரு கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பொருளுக்கு ‘போலிக் அமிலம்’ எனப் பெயரிட்டனர். இலத்தீனில் இலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. வில்ஸ் காரணியும் இதுவே எனப் பின்னர் தெளிவாயிற்று. 1940களின் நடுப்பகுதியில் இதனைச் செயற்கையாக உருவாக்கிய லெடர்லி ஆய்வுகூடக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895இல் சென்னை மாகாணத்துப் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர். காந்தியின் அறைகூவலை ஏற்றுக் கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்காளாகி, முழுமையான பட்டத்துக்குப் பதில் தாழ்ந்த தரப் பட்டமே பெற்றார். ஹார்வர்டிலும் அவருக்கு நிரந்தரப் பதவி வாய்க்கவில்லை. காலனித்துவம் தாழ்த்திய ஒருவரின் கைகளிலேதான் இவ்வாய்வின் அடுத்த கட்டம் நிகழ்ந்தது.

போலிக் அமிலம் குருதிக் கலங்களின் பெருக்கத்துக்கு இன்றியமையாததாயின், அதனை ஒத்திருந்து அதன் தொழிலைத் தடுக்கும் பொருளொன்று கட்டுக்கடங்காத பெருக்கத்தை நிறுத்தக்கூடும். லெடர்லியில் உருவான அமினோப்டெரினை 1947இன் இறுதியில் பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் லியூக்கேமியா கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948இல் வெளியான அறிக்கையில், 16 குழந்தைகளுள் 10 பேரிடத்தே நோய் தற்காலிகமாகத் தணிந்தமை பதிவாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் நெருங்கிய உறவே மெதோட்ரெக்சேட்.

மார்மைட்டிலிருந்து மெதோட்ரெக்சேட்டுக்கு ஒரே நேர்கோடு வரைவது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். கோழிக்குஞ்சுகளின் வளர்ச்சி, நுண்ணுயிர்களின் போசணை முதலிய வேறு ஆய்வுகளும் இவ்வறிவிற் கலந்தன. ஆயினும், பரேல் பெண்களின் குருதி இவ்வறிவின் அத்திவாரங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

3

பெருகும் கலங்களை ஒடுக்கும் இம்மருந்து ஒட்டெதிர்ப்புக்கும் பயன்படலாம் என்ற எண்ணம் 1950களிலேயே அரும்பிற்று. வழங்கியவரின் நிணநீர்க் கலங்கள் புதிய உடலை அந்நியமென இனங்கண்டதும் வேகமாகப் பெருகுகின்றன. அவ்வாறு பெருகும் வேளையிலேயே அவற்றை அடிப்பதுதான் உபாயம். 1958இல் டெல்டா அப்ஹோஃப் எலிகளில் இதனைச் சோதித்தார். பின்னர் தோமஸ், ரெய்னர் ஸ்டோப் ஆகியோர் நாய்களிற் செய்த நீண்ட ஆய்வுகளினின்றும், மாற்றீட்டின் பின் 1, 3, 6, 11ஆம் நாட்களில் சிறு அளவுகளில் இதனைக் கொடுக்கும் முறை உருப்பெற்றது. இதற்கிடையில், 1958இல் ஜான் டோசே வெண்கலப் பொருத்த வகைகளுள் முதலாவதை இனங்கண்டதன் பயனாக, பொருத்தமான வழங்கியைத் தெரிவுசெய்யும் வழியும் பிறந்தது.

இரண்டாவது மருந்து மண்ணிலிருந்து வந்தது. நோர்வேயின் மேட்டுநிலமொன்றில் எடுத்த மண்ணில் வாழ்ந்த பூஞ்சணத்திலிருந்து பெறப்பட்ட சைக்ளோஸ்போரின் நிர்ப்பீடனத்தை ஒடுக்குவதை சுவிற்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்தார் 1972இல் கண்டனர். 1978இல் இலண்டனில் பவுள்ஸ் குழுவினர் அதனை ஒட்டெதிர்ப்பு நோயிற் பயன்படுத்தினர். இரு மருந்துகளும் இணைந்தபோதே தீர்க்கமான முன்னேற்றம் ஏற்பட்டது. 1986இல் ஸ்டோப் குழுவினர் 93 லியூக்கேமியா நோயாளரிடத்தே நிகழ்த்திய ஒப்பாய்வில், சைக்ளோஸ்போரின் மட்டும் பெற்றோருள் 54 சதவீதத்தினருக்குக் குறிப்பிடத்தக்க உக்கிர ஒட்டெதிர்ப்பு ஏற்பட்டது. இரண்டையும் பெற்றோரிடத்தே அது 33 சதவீதமாகக் குறைந்தது. இக்கூட்டு பல தசாப்தங்களாக உலகின் பொதுமுறையாக நிலைத்தது. 1990இல் தோமஸ் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

எனினும், தடுப்பு என்பதை நோயை முற்றாக ஒழிப்பதெனக் கொள்ளலாகாது. 1979இல் தோமஸின் சகாக்கள் வெளியிட்ட ஆய்வு, ஒட்டெதிர்ப்பு ஏற்பட்ட நோயாளரிடத்தே லியூக்கேமியா மீளத் தோன்றுதல் குறைவு எனக் காட்டிற்று. உடலைத் தாக்கும் அதே கலங்கள் எஞ்சிய புற்றுக் கலங்களையும் வேட்டையாடுகின்றன. நிணநீர்க் கலங்களை முற்றாக அகற்றிவிட்டுச் செய்த மாற்றீடுகளில் ஒட்டெதிர்ப்பு குறைந்தது. ஆனால் புற்று மீண்டது. எதிர்மறைகள் ஒன்றில் ஒன்று பொதிந்திருக்கும் இயங்கியல் உண்மைக்கு இதனிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. ஒடுக்குதல் மிகின் தொற்றும் புற்றும் வெல்லும். குறையின் ஒட்டே உடலை வெல்லும். இவ்விரண்டுக்குமிடையே சமநிலை தேடுவதே ஒட்டெதிர்ப்புத் தடுப்பு.

4

இப்போது பாதை பரேலுக்குத் திரும்புகின்றது. சேர் டொராப்ஜி டாட்டாவின் மனைவி மெஹர்பாய் 1931இல் லியூக்கேமியாவால் இறந்தார். அவர் நினைவாக அடுத்த ஆண்டு லியூக்கேமியா ஆய்வுக்கென ஓர் அறக்கட்டளை அமைந்தது. 1941இல் டாட்டா நினைவு வைத்தியசாலை பரேலிலேயே திறக்கப்பட்டது. டாட்டா செல்வத்தின் ஊற்றுகளுள் நூலாலைகளும் அடங்கும். நூலாலைப் பெண்களின் சோகையும் ஆலையதிபரின் இல்லத்து லியூக்கேமியாவும் ஒரே நகரின், ஒரே காலத்தின் குருதி வரலாறுகள். ஒன்று ஆய்வுப்பொருளாயிற்று, மற்றையது நினைவுச்சின்னமாயிற்று. அவ்வைத்தியசாலை பின்னர் அரசின் பொறுப்புக்கு வந்து எண்ணற்ற ஏழைகளுக்குப் பயன்பட்டமையையும் நாம் மறுத்தலாகாது.

1983இல் டாக்டர் சுரேஷ் அத்வானி குழுவினர் அங்கு லியூக்கேமியாவுக்கு என்பு மச்சை மாற்றீட்டை வெற்றிகரமாக நிகழ்த்தினர். இந்தியாவில் இதுவே முதலாவதெனக் கொள்ளப்படுகின்றது. அப்பொழுது வைத்தியசாலையைச் சூழ்ந்த ஆலைகள் மௌனமாக இருந்தன. 1982 ஜனவரியில் ஏறக்குறைய 2,50,000 தொழிலாளர் தொடங்கிய பெருவேலைநிறுத்தம் அவ்வேளையிலும் முடிவுறவில்லை. பலர் மீண்டும் வேலைக்குத் திரும்பவேயில்லை. வில்ஸின் ஆய்வுக்குக் குருதி வழங்கிய பெண்களின் பேரப்பிள்ளைகள் வேலையிழந்து நின்ற தெருக்களின் நடுவே, அவ்வறிவின் தூரத்துக் கனியொன்று பழுத்தது. 1986இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் மாற்றீடு தொடங்கிற்று.

மார்க்ஸ் ‘மூலதன’த்தின் மூன்றாந் தொகுதியில் விஞ்ஞான உழைப்பைப் பொதுமை உழைப்பு என்பார், அது வாழ்வோரின் கூட்டுறவையும் முன்னோரின் உழைப்பையும் தளமாகக் கொண்டது. அம்முன்னோர் வரிசையில் ஆய்வுகூடத்தார் மட்டுமன்றி, கையை நீட்டிக் குருதி கொடுத்த பெயரறியாப் பெண்களும் அடங்குவர் என்பதே எமது வாதம்.

5

இவ்வரலாறு ஊவாத் தோட்டங்களுக்குக் கூறுவது யாது? மலையக எழுத்தில் குருதி நெடுங்காலமாக ஓர் உருவகம். தேயிலையின் நிறத்திற் குருதியைக் காணாத கவிஞர் அரிது. மருத்துவ வரலாற்றில் அது உருவகமன்று. 1916 அளவில் றொக்ஃபெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, புழுவினால் விளையும் சோகை தொழிலாளரின் உழைப்புத் திறனைக் குறைப்பதே தோட்டத்துரைமாரை அக்கறை கொள்ளச் செய்த வாதமாயிற்று. சோகையுற்ற பெண்ணின் உடல் கொழுந்தின் நிறையைக் கொண்டு மதிப்பிடப்பட்டது.

மாற்றீட்டைப் பொறுத்தவரை மேலும் நுட்பமானதொரு பிரச்சினை உண்டு. ஒட்டெதிர்ப்பைத் தடுக்கும் முதற்படி பொருத்தமான வழங்கியே. உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆகவே, உடன்பிறந்தோர் எத்தனை பேர் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளனர் என்பது உயிர்ப்பிரச்சினையாகின்றது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சமமாகப் பிரிக்கப்பட்டனர். அண்ணன் தலைமன்னாரிற் கப்பலேறி நீலகிரியின் தேயிலைக்குச் செல்ல, தங்கை ஊவாவின் தேயிலையிலேயே நின்ற குடும்பங்கள் பல. ‘உடன்பிறப்பு’ என்னும் சொல்லுக்கு மருத்துவம் புதியதொரு பொருளைக் கண்டுபிடித்த அதே தசாப்தங்களில், இரு அரசுகள் உடன்பிறந்தோரைக் கடலின் இருகரைகளிலும் நிறுத்தின.

உறவல்லாத வழங்கிகளின் பதிவேடுகளும் சமத்துவமானவை அல்ல. அமெரிக்கப் பதிவேட்டைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வின்படி, ஐரோப்பிய வம்சாவழி வெள்ளையர் முழுப்பொருத்தம் பெறும் வாய்ப்பு 75 சதவீதம். தென், மத்திய அமெரிக்கக் கறுப்பினத்தாருக்கு அது 16 சதவீதமே. எவர் பதிவேட்டில் இடம்பெறுகின்றனரோ அவரே பொருத்தமும் பெறுவர்.

அண்மைக்கால வளர்ச்சியொன்று இந்நிலையை மாற்றும் வல்லமை உடையது. சைக்ளோஃபொஸ்ஃபமைட் என்னும் பழைய மருந்து, போர்க்களத்து நச்சுவாயுவின் வழித்தோன்றல். இதனை மாற்றீட்டின் பின் 3ஆம், 4ஆம் நாட்களிற் கொடுத்து, ஒட்டெதிர்ப்பில் ஈடுபடும் கலங்களை ஒடுக்கும் முறையை ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் குழுவினர் வளர்த்து, 2008இல் முக்கிய முடிவுகளை வெளியிட்டனர். இதன் விளைவாக, பாதி மட்டும் பொருந்தும் தாயோ தந்தையோ பிள்ளையோகூட வழங்கியாக முடிகின்றது. 2023இல் வெளியான பெரிய ஒப்பாய்வொன்றில், நல்ல பொருத்தமுள்ள வழங்கிகளிடத்தேயும் இம்மருந்தை உள்ளடக்கிய முறை, மெதோட்ரெக்சேட்டை உள்ளடக்கிய பழைய முறையை விஞ்சிற்று: ஓராண்டின் முடிவில் கடும் ஒட்டெதிர்ப்போ புற்றின் மீட்சியோ இன்றி வாழ்ந்தோர் முறையே 52.7, 34.9 சதவீதத்தினர்.

மெதோட்ரெக்சேட், சைக்ளோஸ்போரின், சைக்ளோஃபொஸ்ஃபமைட் ஆகிய மூன்றும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. காப்புரிமைத் தளையினின்றும் நீங்கியவை. எனவே, தடை மருந்தின் விலையில் மட்டும் இல்லை. பொருத்தப் பரிசோதனை, தூய காற்றுள்ள தனியறை, பயிற்சி பெற்ற தாதியர், மாதக்கணக்கில் தொடரும் மாத்திரையும் குருதிப் பரிசோதனையும் ஆகியவற்றில் அது உள்ளது. அதற்கும் அப்பால், நிர்ப்பீடனம் ஒடுக்கப்பட்ட நோயாளி எங்கே திரும்பிச் செல்வார்? பதுளையிலிருந்து கொழும்புக்குப் புகையிரதப் பாதை ஏறக்குறைய 290 கிலோமீற்றர். மகரகமையில் வைத்தியம் இலவசமாயினும், துணைக்குச் செல்லும் தாய்க்கு அன்றைய பெயர் இல்லை; பெயரில்லையேல் நாட்சம்பளமும் இல்லை. லயத்து அறையொன்றில் ஆறேழு பேர் உறங்க, பீலித் தண்ணீரைப் பொதுவில் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில், தொற்றிலிருந்து ஒருவரைக் காப்பது எங்ஙனம்? ஒட்டெதிர்ப்பு ஒடுக்கத்துக்கும் தொற்றுக்கும் இடையே மருத்துவர் காணும் சமநிலை, லயத்தின் வாசலிலேயே குலைந்துவிடும்.

ஆதலின், ஒட்டெதிர்ப்புத் தடுப்பு என்பது மருந்தோடு முடிவதன்று. வீடும், குடிநீரும், நோய்விடுப்புக்கான சம்பளமும், கடலின் இருகரைகளிலுமுள்ள உறவினர் எளிதிற் சென்றுவரும் உரிமையும், எமது மக்களையும் உள்ளடக்கிய வழங்கிப் பதிவேடும் அதன் பகுதிகளாகும். இவற்றைத் தொழிற்சங்கக் கோரிக்கைகள் என ஒதுக்கி, மருத்துவத்தைத் தனித்துறையாக நோக்குவோர் இவ்வரலாற்றின் முதற் பக்கத்தை மறந்தவராவர். வில்ஸ் தம் ஆய்வைத் தொடங்கியது ஏழைப் பெண்கள் எதை உண்கின்றனர் என்னும் கேள்வியிலிருந்தே. அக்கேள்வியினின்றும் பிறந்த அறிவு உலகைச் சுற்றி வந்துவிட்டது. அது தான் புறப்பட்ட வர்க்கத்தின் வாசலில் நிற்காது கடந்து செல்லுமாயின், குறை விஞ்ஞானத்தினுடையதன்று. அவ்வண்டி எங்கே நிற்க வேண்டுமெனத் தீர்மானிக்கும் சமூக அமைப்பினுடையதாகும்.